ஒரே ‘டொக்’, இரு வேறு வண்டிகள்

பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் பொலீரோ பிக்கப்பும், அதே தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட் காரும் ஒரே புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரலாம். “கிளட்ச்சை விட்டா கீழ ‘டொக்’குனு ஒரு சத்தம் வருது.” புகார் ஒன்று என்பதால் கோளாறும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் வண்டிக்காரரின் காசுதான் வீணாகும். பிக்கப்பைப் பின்சக்கரம் தள்ளுகிறது, காரை முன்சக்கரம் இழுக்கிறது. இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகும் வழி வேறாக இருப்பதால், லூஸைத் தேட வேண்டிய இடமும் வேறு.

விசை போகும் வழி

பிக்கப்பில் கியர்பாக்ஸிலிருந்து கிளம்பும் சுழற்சி, நீளமான பிராப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் உள்ள ஹவுசிங்குக்குப் போகிறது. அங்கே கிரவுன் பினியனில் திரும்பிச் சக்கரத்தை அடைகிறது. ஷாஃப்ட்டின் முனைகளில் கிராஸ் ஜாயின்ட் இருக்கும், அதன் நான்கு கைகளிலும் ஊசி பேரிங். ஹவுசிங் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் நீண்டு குறுக, பல் வெட்டிய ஸ்லிப் ஜாயின்ட்டும் உண்டு.

காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் முன்னால் ஒரே கட்டாக இருக்கின்றன. அங்கிருந்து இரு பக்கமும் குட்டையான டிரைவ் ஷாஃப்ட்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு ஜாயின்ட், சக்கரத்தின் பக்கம் ஒன்று. சக்கரத்தின் பக்கம் இருப்பது 6 குண்டுகள் கொண்டது. 1920களில் ஆல்ஃபிரட் ர்செப்பா உருவாக்கிய இந்த அமைப்பில், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் சுழற்சியின் வேகம் சீராக இருக்கும்.

கிராஸ் ஜாயின்ட்டுக்கு அந்தக் குணம் இல்லை. சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 2 முறை கூடிக் குறையும். முன்முனையில் வரும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்முனை சரிக்கட்ட வேண்டுமானால், கிராஸைக் கவ்விப் பிடிக்கும் ஷாஃப்ட்டின் இரு யோக்குகளும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்வது அவசியம். பல் தள்ளி மாட்டினால் புது கிராஸ் போட்ட வண்டியும் அதிரும்.

சத்தம் வரும் நேரம்

“எங்க வருதுன்னு நான் பாத்துக்கறேன், எப்ப வருதுன்னு சொல்லுங்கண்ணா” என்று கேட்கும் மெக்கானிக்கை நம்பலாம். விசையின் திசை மாறும் கணத்தில் ஒரே ஒரு தட்டு கேட்டால், இரு வண்டியிலும் அதற்கு அர்த்தம் வழியில் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது என்பதே. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறும்போதும், தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் இதைக் கேட்கலாம்.

ஸ்டியரிங்கை ஒடித்தால் இரு வண்டிகளின் சத்தமும் வேறுபட்டுவிடும். வெறும் மைதானத்தில் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால், காரின் சக்கரப் பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்புறத்தில் ஓடும் சக்கரத்தின் ஜாயின்ட்தான் அது. பின்சக்கரம் தள்ளும் பிக்கப்பின் முன்சக்கரத்தில் இந்த ஜாயின்ட்டே கிடையாது.

நியூட்ரலில் மெதுவாக உருட்டி, பள்ளத்தில் இறக்கும்போதும் அதே ‘டொக்’ கேட்டால், இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது சஸ்பென்ஷனை.

கையால் பார்ப்பது

பிக்கப்பைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வைக்க வேண்டும். கீழே போய் ஷாஃப்ட்டை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கினால், லூஸ் கையிலேயே தெரியும். ஜாயின்ட்டின் ஒரு யோக் அசைய அடுத்தது அசையாமல் நின்றால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. பேரிங் கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் காய்ந்துவிட்டன. இரு யோக்கும் சேர்ந்தே அசைந்தால் ஆட்டம் ஹவுசிங்கிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது. ஆனால் பற்களுக்கு இடையே சிறிய ஆட்டம் இயல்பானது, அதைக் கோளாறென்று சொல்லிப் பிரிக்கக் கூடாது.

காரில் முதலில் பார்க்க வேண்டியது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டை. அது கிழிந்திருந்தால் கிரீஸ் சிதறி, ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கும். பூட் நன்றாக இருந்தும் ‘டொக்’ வந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது உள் ஜாயின்ட்டையும் இன்ஜின் மவுண்ட்டிங்கையும்.

மவுண்ட்டிங்கைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. முதல் கியர் இன்ஜினின் முறுக்கு விசையை ஏறக்குறைய 3½ மடங்கு ஆக்குகிறது, டிஃபரன்ஷியல் அதை மேலும் 4 மடங்கு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் அது 14 மடங்கு. காரில் டிஃபரன்ஷியலும் இன்ஜினோடு சேர்ந்திருப்பதால், இந்த 14 மடங்கின் எதிர்விசையையும் மவுண்ட்டிங் ரப்பர்களே தாங்குகின்றன. பிக்கப்பில் அந்த எதிர்விசை ஹவுசிங்கைத் திருகப் பார்க்கும், அதைத் தடுத்துப் பிடிப்பவை கமான் பட்டையும் அதன் யூ போல்ட்டும். காரின் உடைந்த மவுண்ட்டிங்குக்கு இணையானது பிக்கப்பின் தளர்ந்த யூ போல்ட். இரண்டும் தரும் சத்தத்தில், நல்ல கிராஸ்களும் நல்ல ஷாஃப்ட்களும் பழி சுமந்து கழற்றப்படுகின்றன.

தேய்வின் காரணம்

பிக்கப்பின் ஜாயின்ட்டைக் கெடுப்பது அதிக பாரமும் கிரீஸ் அடிக்காத அலட்சியமும். நிப்பிள் இருக்கும் கிராஸுக்கும் ஸ்லிப் ஜாயின்ட்டுக்கும் நேரத்துக்குக் கிரீஸ் அடித்தாலே பாதிப் பிரச்சினை வராது. காரின் ஜாயின்ட்டுக்கு வெளியிலிருந்து கிரீஸ் அடிக்க முடியாது. பூட் கிழிந்து மண்ணும் தண்ணீரும் புகுந்தால் குண்டுகள் அரைபடும். கிழிசலைச் சீக்கிரம் பார்த்துப் பூட்டை மட்டும் மாற்றினால் ஜாயின்ட் தப்பும், சத்தம் வந்த பிறகு பூட் மாற்றிப் பயனில்லை.

ஆக, கண்டுபிடிக்க எளிது பிக்கப், ஏனென்றால் அதன் ஆட்டம் கைக்கு அகப்படும். விட்டுவைத்தால் அதிக ஆபத்தும் அதுதான், ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் ரோட்டில் இறங்கிவிடும். கார் பல நாள் ‘டக் டக்’ என்று எச்சரிக்கும், ஆனால் இடம் மறைவானது. ஒவ்வொன்றாகப் புதுப் பொருள் மாட்டி ஓட்டிப் பார்ப்பது எந்த வண்டிக்கும் சோதனை ஆகாது. பார்ட் வாங்கப் பணம் கொடுக்கும் முன், லூஸான இடத்தை அசைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வண்டி உங்களுடையது, கேட்பது உங்கள் உரிமை.