குச்சிந்தாவும் கட்டிலுக்குக் கீழே ஒளித்த பூனைகளும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், கவெனா பாலத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன வெண்கலப் பூனைகள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சுற்றுலாச் சபை ‘சிங்கப்பூரா’ இனப் பூனையை நகரத்தின் அடையாளமாக்கி, ‘குச்சிந்தா’ எண்டு பெயரும் வைத்தது. மலாயில் பூனைக்கு ‘குச்சிங்’, காதலுக்கு ‘சிந்தா’. இரண்டையும் ஒட்டிய பெயர் அது.

ஆனால் 1989இல் இருந்து 2024 வரை வீவக தொடர்மாடிகளில் பூனை வளர்க்கத் தடை! ஆற்றங்கரையில் பூனைக்குச் சிலை, வீட்டுக்குள்ளே பூனைக்கு இடமிருக்கவில்லை.

வீவக எண்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். 1960இல் தொடங்கியது. கம்பத்து வீடுகளில் இருந்த சனத்தை அது மாடிகளுக்குக் கொண்டுவந்தது. இண்டைக்குச் சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் எட்டுப் பேர் மட்டில் அதன் வீடுகளில்தான் இருக்கினம். அதனால் அதன் விதி கிட்டத்தட்ட நாட்டின் விதி. அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்று வைத்திருக்கலாம், ஆனால் 2024 வரை பூனை கூடாது. தனியார் வீட்டில் இருந்தவைக்கு இந்தத் தடையே இருக்கவில்லை. எனக்கு உறுத்துறது இதுதான். பூனையின் குணம் வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்த்தா மாறுது?

கழகம் சொன்ன காரணங்கள் இவை: பூனையை வீட்டுக்குள் அடைத்து வைக்க ஏலாது, வெளியில போய் அசிங்கம் பண்ணும், முடி கொட்டும், இரவில கத்தும். ஆனால் வீட்டுக்குள் இருக்கக்கூடாது எண்டு சொல்லிவிட்டால் அது வேறெங்கே போகும்? கீழ்தளத்துக்குத்தான். தெருப்பூனை பெருக, முறைப்பாடும் பெருகியது. பிடித்துக் கொல்வதும் நடந்தது. 1998இல் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டம் ஒன்று தொடங்கியது. 2003இல் சார்ஸ் பயத்தோடு அதையும் நிறுத்திப்போட்டாங்கள்.

தடை இருந்த காலம் முழுக்க ஆக்கள் பூனை வளர்க்காமலும் இல்லை. நடவடிக்கை பெரும்பாலும் முறைப்பாடு வந்தால்தான். ஆகவே பூனையின் விதி பக்கத்து வீட்டாரின் கையில். அவரோடு ஒரு சண்டை வந்தால் போதும், 4,000 வெள்ளி வரை அபராதம் வரலாம், பூனையையும் அனுப்பவேணும். ஒளித்து வளர்க்கிறவர் பூனை தொலைந்தால் சத்தமாய்த் தேடவும் யோசிப்பார்.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. 2012 ஒக்டோபரில் சோங் பாங் வட்டாரத்தில் ஒரு முன்னோடித் திட்டம். அந்த வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினர், தமிழரான அமைச்சர் கா. சண்முகம், அதற்குப் பின்னால் நின்றார். பூனை நலச் சங்கமும் சேர்ந்தது. கருத்தடை, மைக்ரோசிப், யன்னலுக்கு வலை என்ற நிபந்தனைகளோடு பூனை வளர்க்கலாம். அந்தச் சின்ன வலைதான் ‘அடைத்து வைக்க ஏலாது’ என்ற வாதத்துக்குப் பதில். சும்மா ஒரு கம்பி வலை! அதுக்குப் பிறகும் 12 வருசம் எடுத்தது.

2024 செப்டெம்பர் 1 முதல் வீவக வீடொன்றில் இரண்டு பூனைகள் வைத்திருக்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம்; உரிமம் எடுக்க முதல் இணையத்தில் ஒரு இலவசப் பாடமும் படிக்கவேணும். முதலே கூடுதலாக வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் பதிய 2026 ஓகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது.

கீழ்தளத்துப் பூனைகளுக்கு இந்த உரிமம் இல்லை. அதுகளுக்கு இரவில சாப்பாடு கொண்டுபோற ஆக்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கினம்.