ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே ஒரு தடுப்பு: மருத்துவக் கருவிகளில் கிருமி எதிர்ப்புப் பூச்சு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதி அடைந்த பிறகு, "இன்ஃபெக்‌ஷன் ஆகிவிட்டது" என்று டாக்டர் சொல்வதைப் பல குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. இந்தத் தொற்றுகளில் கணிசமானவை உடலுக்குள் வைக்கப்படும் பொருட்கள் வழியாகவே வருகின்றன. சிறுநீர் டியூப், ரத்தக்குழாயில் செலுத்தும் டியூப், வென்டிலேட்டர் குழாய், செயற்கை மூட்டு போன்றவை அவற்றில் சில.

மருந்து ஏன் தோற்கிறது?

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழுவழுப்பாகப் பாசி படிவதைப் பார்த்திருப்போம். அதுபோலவே டியூப்பின் மேல் ஒட்டும் பாக்டீரியாக்கள் பெருகி, தம்மைச் சுற்றி ஒரு பிசுபிசுப்பான படலத்தை உருவாக்குகின்றன. இதற்கு 'பயோஃபிலிம்' என்று பெயர். இதற்குள் இருக்கும் கிருமிகளை ஆன்டிபயாட்டிக் எளிதில் அழிப்பதில்லை. கடைசியில் அந்த டியூப்பையோ மூட்டையோ எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டிய நிலைகூட வருகிறது.

இன்னொரு பக்கம், மருந்துகளே வலுவிழந்து வருகின்றன. 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

எனவே, கிருமி வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, அது ஒட்டாமலேயே தடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

பூச்சுகள் எப்படி வேலை செய்கின்றன?

முதல் வகை, கிருமியைக் கொல்லும் பூச்சு. வெள்ளியிலிருந்து வெளிவரும் அயனிகள் பாக்டீரியாவின் உறையையும் புரதங்களையும் சிதைக்கின்றன. குளோர்ஹெக்சிடின், சில்வர் சல்ஃபாடயசின் ஆகிய இரண்டும் பூசிய ரத்தக்குழாய் டியூப்கள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன.

இரண்டாவது வகை, கிருமியைக் கொல்லாமல், ஒட்டவிடாமல் மட்டும் செய்வது. சுறாமீனின் தோலில் பாசி எளிதில் படிவதில்லை. அதைக் கவனித்த ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன், அதே மாதிரியான நுண்ணிய வரிகளைக் கொண்ட மேற்பரப்பை உருவாக்கினார். இதில் மருந்தே இல்லை என்பதால், கிருமி மருந்துக்குப் பழகும் கவலையும் இல்லை.

மூன்றாவது வகை, தொட்டாலே அழிப்பது. சில்வண்டின் இறக்கையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத முனைகள், மேலே வந்து அமரும் சில பாக்டீரியாக்களைக் கிழித்துவிடுவதை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இதைப் பின்பற்றி டைட்டானியத்தில் முனைகளை உருவாக்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

பலன் எவ்வளவு?

வெள்ளி பூசிய வென்டிலேட்டர் குழாய் பற்றிய ஒரு பெரிய ஆய்வு 2008இல் வெளியானது. அதில் நுரையீரல் தொற்று 7.5 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இறப்பு விகிதம் குறையவில்லை. 2012இல் பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், குறுகிய காலத்துக்கு வைக்கும் சிறுநீர் டியூப்பில் வெள்ளிப் பூச்சு குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை.

காரணம் இருக்கிறது. ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொருட்கள் பூச்சின் மேல் படிந்து அதை மறைத்துவிடலாம். நாளடைவில் பூச்சின் வீரியமும் குறையும். ஆகவே பூச்சு என்பது ஆன்டிபயாட்டிக்கின் தேவையைக் குறைக்கும் ஒரு வழியே. ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றுக்கு மருந்துதான் தீர்வு.

நாம் செய்யக்கூடியவை

* "இந்த டியூப் இன்னும் தேவையா?" என்று தினமும் கேட்போம். எவ்வளவு சீக்கிரம் எடுக்கப்படுகிறதோ, அவ்வளவு நல்லது.
* நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கைகளைச் சோப்பால் கழுவுவோம். பார்க்க வரும் உறவினர்களிடமும் தயங்காமல் சொல்வோம்.
* சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும்.
* குளோர்ஹெக்சிடின் சிலருக்குக் கடும் அலர்ஜியை உண்டாக்கும். முன்பு அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவோம்.
* மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை அடுத்த காய்ச்சலுக்கு நாமாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

விலை உயர்ந்த பூச்சுள்ள டியூப் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது. கழுவிய கையும், தேவை முடிந்ததும் டியூப்பை எடுத்துவிடும் கவனமும் எங்கும் சாத்தியமே.