வலைப்பக்கத் தரவுப் பிரித்தெடுப்பு

வலைப்பக்கத் தரவுப் பிரித்தெடுப்பு என்பது, மனிதர் கண்ணால் படிப்பதற்கென எழுதப்பட்ட வலைப்பக்கத்தின் உரையிலிருந்து பெயர், விலை, நாள், முகவரி போன்ற செய்திக்கூறுகளை நிரலின் துணையால் கண்டறிந்து, அட்டவணையாகவோ தரவுத்தளமாகவோ ஒழுங்குபடுத்தும் முறையாகும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஸ்கிரேப்பிங்’ என்னும் சொல்லுக்குச் சுரண்டல் என்பதே நேர்ப்பொருள் எனினும், தமிழில் அச்சொல் பிறர் உழைப்பைக் கவர்வதையே முதலில் உணர்த்துவதால், பிரித்தெடுப்பு என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

வலை தோன்றுவதற்கு முன்பே, பெருங்கணினியின் முனையத் திரையில் தெரியும் எழுத்துகளை மற்றொரு நிரல் படித்தெடுக்கும் வழக்கம் இருந்தது. உரையிலிருந்து தரவை எடுக்கும் முயற்சியும் தனியே நடந்தது: 1987 முதல் 1998 வரை அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்த செய்தி புரிதல் மாநாடுகள், செய்தியறிக்கைகளிலிருந்து யார், எங்கே, எப்போது என்பவற்றை எடுக்கும் நிரல்களை ஒப்பிட்டு மதிப்பிட்டன.

வலைப்பக்கங்களைத் தானாகச் சென்று படித்த முதல் நிரல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மேத்யூ கிரே 1993 ஜூனில் இயக்கிய ‘வாண்டரர்’ நிரலையே பலர் முதலாவதாகச் சுட்டுவர்; ஆயினும் வலையின் வளர்ச்சியை அளப்பதே அதன் நோக்கமாக இருந்ததால், பக்கங்களின் தலைப்புகளை எடுத்துத் தேடற்பட்டியல் ஆக்கிய ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தின் ‘ஜம்ப்ஸ்டேஷன்’ (1993 டிசம்பர்) பிரித்தெடுப்பு என்னும் பொருளுக்கு நெருக்கமானது எனக் கொள்வோரும் உளர்.

1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. அதுவரை ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனி நிரலைக் கையால் எழுத வேண்டியிருந்தது. தளத்தின் தோற்றம் சற்று மாறினாலும் அந்நிரல் பயனற்றுப் போகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் குஷ்மெரிக் 1997-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, ‘உறை’ எனப்படும் இத்தகைய நிரலை மாதிரிப் பக்கங்களிலிருந்து கணினியே கற்றுக்கொள்ள வழி காட்டியது. அவர் கையாண்ட எடுத்துக்காட்டு மிக எளியது: காங்கோவுக்கு 242, எகிப்துக்கு 20, பெலிஸுக்கு 501, ஸ்பெயினுக்கு 34 என, நாட்டின் பெயரைத் தடித்த எழுத்திலும் தொலைபேசிக் குறியெண்ணைச் சாய்வெழுத்திலும் தரும் ஒரு பட்டியல். நாட்டுப்பெயர் என்றால் என்னவென்று அறியாத நிரலும், தடித்த எழுத்தைத் தொடங்கும் குறிக்கும் முடிக்கும் குறிக்கும் இடைப்பட்டதை எடுத்தால் போதும். பக்கத்தின் தலைப்பும் தடித்த எழுத்தில் இருந்தால் அதையும் நாடென்று கொள்ளும் பிழை நேருமாதலால், பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் நிரல் கற்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த செர்கே பிரின் வெளியிட்ட ஆய்வு, ஒரே தளத்தின் அமைப்பை நம்பாமல் வலை முழுவதையும் களமாகக் கொண்டது. ஐந்து நூல்களின் பெயர்களும் அவற்றின் ஆசிரியர் பெயர்களும் மட்டுமே தொடக்கத்தில் நிரலுக்குத் தரப்பட்டன. அவை எந்தெந்தச் சொற்களுக்கும் குறிகளுக்கும் இடையில் வருகின்றன என்று கண்டு, அந்த வடிவத்தைக் கொண்டு புதிய நூல்களைக் கண்டெடுத்து, அவற்றைக் கொண்டு மேலும் வடிவங்களை நிரல் தேடியது. முதற்சுற்றில் கிடைத்த 199 இடங்களிலிருந்து மூன்று வடிவங்கள் பிறந்தன; அம்மூன்றே 4,047 நூல்களைத் தந்தன. இறுதியில் பட்டியல் 15,257 ஆகப் பெருகியது. இடையே ‘நிபந்தனைகள்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆசிரியர் பெயராகக் கொண்ட 242 பதிவுகளை நீக்கியது தவிர மனிதர் கை வேறெங்கும் படவில்லை. ஐந்து நூல்களுள் முதல் மூன்று வடிவங்களைத் தந்தவை ஐசக் அசிமோவ், டேவிட் பிரின் ஆகியோரின் அறிவியல் புனைகதைகள் இரண்டே; அதே ஐந்தில் இருந்த ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ் நூல்கள் அச்சுற்றில் உதவவில்லை என்பது, அன்றைய வலையில் எவ்வகை வாசகரின் ஆர்வம் மேலோங்கியிருந்தது என்பதற்கும் சான்றாகக் கொள்ளத்தக்கது.

பக்கத்தின் கிளையமைப்பில் ஓர் இடத்தைச் சுட்டும் ‘எக்ஸ்பாத்’ மொழி 1999-இல் தரமாக ஏற்கப்பட்டது. ஒழுங்கற்ற குறிகளால் கலங்கிய பக்கங்களையும் படிக்கவல்ல ‘பியூட்டிஃபுல் சூப்’ என்னும் பைத்தான் நிரலகம் 2004-இல் வெளிவந்தது. அப்பெயர் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் போலி ஆமை பாடும் பாட்டிலிருந்து வந்தது.

தமிழ்ப் பக்கங்களில் இப்பணிக்குத் தனியொரு தடை இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன், தளங்கள் டிஸ்கி, டாப், டாம் முதலிய வெவ்வேறு குறியாக்கங்களையும் தத்தமக்கே உரிய எழுத்துருக்களையும் பயன்படுத்தியதால், திரையில் தமிழாகத் தெரிந்த உரை நிரலுக்கு உரோமன் எழுத்துகளின் கலவையாகவே கிட்டியது. எழுத்துரு எது என்று கண்ட பின்னும், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்ட ‘கொ’வை, யூனிகோடு முறைப்படி ககரத்தை முன்னிட்டு மாற்றியமைத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோதும், பழைய பக்கங்களைப் படிக்க இம்மாற்றம் இன்றும் தேவைப்படுகிறது.

பிறர் தளத்திலிருந்து தரவை எடுப்பது சட்டப்படி சரியா என்பது முடிவாகாத வினா. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் தரவுத்தளங்களுக்கெனத் தனியுரிமை ஒன்றை ஏற்படுத்தியது. ஈபே நிறுவனம் தொடுத்த வழக்கில் 2000-இல் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தளத்தை அணுகிய நிரலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் 2022-இல் லிங்க்டுஇன் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எவரும் காணத் திறந்துள்ள பக்கங்களிலிருந்து எடுப்பது கணினி ஊடுருவற் சட்டத்தை மீறுவதாகாது என்னும் கருத்தின் பக்கம் சாய்ந்தது. இவ்விரு தீர்ப்புகளையும் ஒரே கோட்பாட்டின்கீழ்க் கொணர்வது கடினம்.

அண்மையில், குறிகளின் அமைப்பைப் பாராது உரையின் பொருளையே கொண்டு தரவை எடுக்கும் பெருமொழி மாதிரிகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அணுகலை நெறிப்படுத்தும் முயற்சியும் முறைப்பட்டுள்ளது: நிரல்கள் எப்பக்கங்களை அணுகலாம் எனத் தள உரிமையாளர் அறிவிக்கும் ‘ரோபாட்ஸ்’ கோப்பு, மார்ட்டைன் கோஸ்டரால் 1994-இல் முன்மொழியப்பட்டு, 28 ஆண்டுகள் வழக்காக மட்டுமே நின்று, 2022 செப்டம்பரில் முறையான இணைய ஆவணமாக வெளியிடப்பட்டது. அவ்விதிகள் அணுகலுக்கான அனுமதி முறை ஆகா என்று அவ்வாவணமே குறிப்பிடுகிறது.