வெஸ்லே: சாய இருந்த கோவிலும் 26 வயது இளைஞரும்

மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். கல்லூரி நினைவுகளை எழுத நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வரலாறு படித்தவன் ஆயிற்றே, ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்கிறேன்.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறது வெஸ்லே மடாலயக் கோவில். புனித மகதலா மரியாவின் திருப்பண்டம் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையால், 11-ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர் கூட்டம் அலைமோதியது. ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் நான்கு பெரும் பாதைகளில் ஒன்று இங்கிருந்துதான் தொடங்கியது. 1120-இல் பெரும் தீ விபத்து. யாத்திரிகர் பலர் மாண்டனர். அதன்பின் எழுந்ததுதான் இன்றுள்ள நடுக்கூடம். 1146-இல் புனித பெர்னார்டு இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்ததும் இதே குன்றில்தான்.

அக்காலக் கோவில்கள் பல உள்ளே இருட்டாக இருக்கும். வெஸ்லே சிற்பிகளோ வெளிச்சம் வேண்டுமென்று சுவரை உயர்த்தி, மேலே ஜன்னல் வரிசை வைத்தார்கள். ஜூன் 21-ஐ ஒட்டி, நடுப்பகலில், நடுக்கூடத் தரையின் மையத்தில் ஒளித் திட்டுகள் வரிசையாக விழும் அழகே அழகு! ஆனால் அந்த அழகுக்கு விலை இருந்தது. கல் கூரையின் பாரம் உயர்ந்த சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

1279-இல் புரோவான்சிலுள்ள புனித மாக்சிமின் ஊரார், மகதலா மரியாவின் உடல் எங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள். கூட்டம் அங்கே திரும்பிவிட்டது, வெஸ்லே களையிழந்தது. 1569-இல் சமயப் போரில் சூறை, பின்னர் பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துக் கட்டடங்கள் இடிப்பு. 1834-இல் எழுத்தாளர் மெரிமே அரசு ஆய்வாளராக வந்து பார்த்தபோது, கோவில் எப்போது விழுமோ என்ற நிலை.

1840-இல் பொறுப்பு வியோலே-லெ-டுக் என்ற இளைஞரிடம் வந்தது. வயது 26! கட்டடக்கலைக் கல்லூரியே வேண்டாமென்று, ஊர் ஊராய்ச் சுற்றிப் பழைய கட்டடங்களை வரைந்து கற்றவர். கூரை வளைவுகளைப் பிரித்துக் கட்டி, சுவர்களை வெளியிலிருந்து தாங்கும் கல் வளைவுகளைப் புதுப்பித்தார். வேலை 1859 வரை நீடித்தது. சிதைந்த சிற்பங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வைத்தார். அளவுக்கு மீறித் திருத்திவிட்டார் என்று குறை சொல்வோரும் உண்டு. ஆனால் அவர் கை வைக்காவிட்டால், குறை சொல்வதற்குக்கூடக் கோவில் இருந்திருக்காதே! 1979-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

மாணவத் தம்பி தங்கைகளே, நம்ம ஊர்ப் பழைய கட்டடங்களையும் ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போய்ப் பாருங்கள். அவற்றைக் காப்பாற்ற அனுபவம் வரட்டும் என்று காத்திருந்தால், அதுவரை சுவர் காத்திருக்காது.