உப்பும் சர்க்கரையும்

வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் ஊரே நடுங்கிய காலம் ஒன்று உண்டு. காலை வயலுக்குச் சென்றவர் மாலைக்குள் மாண்டதை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். அந்நோயில் மனிதனைக் கொல்வது யாது? உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதேயாகும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் மெல்லிய சவ்வினால் சூழப்பட்டுள்ளது. உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. சவ்விலுள்ள புரதங்கள் இவ்வேற்றுமையை ஓயாது காத்துவருகின்றன. உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரின் நிலை மாறாதிருப்பதே வாழ்வுக்கு ஆதாரம் என்று பிரெஞ்சு அறிஞர் கிளோட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். வாந்திபேதி குலைப்பது இந்தச் சமநிலையைத்தான்.

குலைப்பது எங்ஙனம்? காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே 1959-இல் மெய்ப்பித்தார். மறு ஆண்டு, அமெரிக்க அறிஞர் ராபர்ட் கிரேன் வேறோர் உண்மையை வெளியிட்டார். குடலின் உயிரணுவில் குளுக்கோசும் சோடியமும் ஒரே வாயில் வழியே இணைந்து நுழைகின்றன; நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. காலரா நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை! ஆகவே, உப்போடு சர்க்கரையும் கலந்து பருகக் கொடுத்தால் இழந்த நீரை மீட்கலாம். டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968-இல் நோயாளிகளிடம் இதனைச் சோதித்து வெற்றி கண்டனர்.

கடுஞ்சோதனை 1971-இல் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்கத்திற்கு வந்தனர். எல்லையோர ஊராகிய போன்காவில் காலரா பரவிற்று. இரத்தக்குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கலக்கச் செய்து, நோயாளியின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். சிகிச்சை இல்லையெனில் கடுமையாக நோயுற்றோரில் பாதிப்பேர் வரை மடியக்கூடிய நோய் அது. அவருடைய முகாமிலோ இறப்பு 100-க்கு 4-க்கும் குறைவாக இறங்கிற்று.

மகலனபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பாரத அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிற்று. இன்று நாம் எந்த மாநிலத்தில் குடியிருப்பினும், மருந்துக்கடையில் அக்கலவை சிறு பொட்டலமாகக் கிடைக்கிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நீர் கொடுக்கலாகாது என்று எவரேனும் கூறுவாராயின், அவருக்கு நாம் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்வோமாக.