மார்ஷ்மெல்லோ சோதனை முதல் 'பவர் போஸ்' வரை: தங்கள் ஆய்வுகளையே மறுபடி சோதித்த உளவியலாளர்கள் - நடந்தது என்ன?

ஒரு குழந்தையின் முன்னால் தட்டில் ஒரு மிட்டாய். "இப்பவே சாப்பிட்டா ஒண்ணுதான். நான் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியே போகிறார். காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்க்கையிலும் ஜெயித்தார்கள் என்று முடியும் அந்தக் கதை.

பள்ளி ஆண்டு விழா மேடை, தன்னம்பிக்கைப் பேச்சு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்று ஏதோ ஒரு இடத்தில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'மார்ஷ்மெல்லோ சோதனை' என்று உலகம் முழுக்க அறியப்பட்ட ஆய்வு இது.

ஆனால் 2018-ல் இதே கேள்வியை இன்னும் பெரிய அளவில் ஆராய்ந்தபோது கதை மாறிவிட்டது. அந்த முடிவை வெளியிட்டது, உளவியல் ஆராய்ச்சியாளர்களின் சங்கம் ஒன்று நடத்தும் ஆய்விதழ். மார்ஷ்மெல்லோ சோதனையை உருவாக்கிய வால்டர் மிஷெலே ஒரு காலத்தில் தலைவராக இருந்த சங்கம் அது.

அது என்ன சங்கம்? ஏன் பழைய ஆய்வுகளை மறுபடி சோதித்தார்கள்? "உளவியல் சொல்கிறது" என்று தொடங்கும் செய்திகளை இனி நம்பலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தச் சங்கம் இது?

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது 'அசோசியேஷன் ஃபார் சைக்கலாஜிகல் சயின்ஸ்', சுருக்கமாக ஏ.பி.எஸ். பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துபவர்கள், ஆய்வகங்களில் சோதனை செய்பவர்கள் என உளவியலை ஒரு அறிவியலாக ஆராய்பவர்களுக்கான அமைப்பு.

இதற்கு முன்பே அமெரிக்காவில் உளவியலாளர்களுக்கு ஒரு பெரிய சங்கம் இருந்தது. 1892-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க உளவியல் சங்கம், அதாவது ஏ.பி.ஏ. பிறகு ஏன் இன்னொன்று?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நோயாளிகளுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தரும் உளவியலாளர்களின் எண்ணிக்கை ஏ.பி.ஏ-வில் வேகமாகக் கூடியது. தொழில் உரிமம், காப்பீடு போன்றவை அவர்களின் முக்கியப் பிரச்னைகள். ஆய்வுக்கான நிதி, ஆய்விதழ்களின் தரம் போன்றவை பேராசிரியர்களின் கவலை. 'நம்ம குரல் இங்கே எடுபடலை' என்ற வருத்தம் பேராசிரியர்கள் மத்தியில் வளர்ந்தது.

சங்கத்தின் அமைப்பையே மாற்றும் ஒரு திட்டம் 1988-ல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் தோற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆராய்ச்சியாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். முதலில் அதன் பெயர் 'அமெரிக்கன் சைக்கலாஜிகல் சொசைட்டி'. 2006-ல்தான் இப்போதைய பெயருக்கு மாறியது.

இப்படி ஒரு சங்கம் என்ன வேலை செய்யும்?

ஆண்டுதோறும் மாநாடு நடத்துவது, விருதுகள் தருவது, ஆய்வு நிதிக்காக அரசிடம் வாதாடுவது எல்லாம் உண்டு. ஆனால் இவற்றைவிட அதிக செல்வாக்குள்ள வேலை ஆய்விதழ்களை நடத்துவது.

1990-ல் தொடங்கிய 'சைக்கலாஜிகல் சயின்ஸ்' ஏ.பி.எஸ்-ன் முதன்மை இதழ். உளவியல் துறையில் உலக அளவில் மதிக்கப்படும் இதழ்களில் இதுவும் ஒன்று. இதில் ஒரு கட்டுரை வந்தாலே இளம் ஆய்வாளருக்கு வேலை, பதவி உயர்வு, நிதி என்று பல கதவுகள் திறக்கும்.

அதனால் இதழ் எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஆய்வாளர்கள் கொடுப்பார்கள். சுவாரசியமான முடிவைக் கேட்டால் சுவாரசியமான முடிவு வரும். சிக்கலே இங்கேதான் தொடங்கியது.

2011-ல் என்ன நடந்தது?

அந்த ஒரே ஆண்டில் மூன்று அதிர்ச்சிகள்.

முதலாவது, ஏ.பி.ஏ-வின் புகழ்பெற்ற இதழ் ஒன்றில் வந்த டேரில் பெம் என்ற பேராசிரியரின் கட்டுரை. இனி நடக்கப் போவதை மனிதர்களால் முன்கூட்டியே உணர முடியும் என்று 9 சோதனைகளை வைத்து அவர் வாதிட்டார். வழக்கமான முறைகளைப் பின்பற்றியே அந்த ஆய்வு செய்யப்பட்டிருந்தது. 'வழக்கமான முறையிலேயே இப்படி ஒரு முடிவு வருதுன்னா, அந்த முறையிலதானே கோளாறு இருக்கணும்?' என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள். வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்து 'எங்களுக்கு அப்படி வரவில்லை' என்று எழுதியபோது, மறுசோதனைகளைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று அந்த இதழ் மறுத்துவிட்டது.

இரண்டாவது, நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாப்பல் விவகாரம். நட்சத்திர ஆய்வாளராக இருந்த அவர் தரவுகளை உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக உருவாக்கியது அம்பலமானது. அவரே அதை ஒப்புக்கொண்டார். அவருடைய 50-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

மூன்றாவது, சைக்கலாஜிகல் சயின்ஸ் இதழிலேயே வந்த கட்டுரை. ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் ஆகியோர் எழுதியது. பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறு இசையைக் கேட்டவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டது என்று அதில் 'நிரூபித்தார்கள்'.

பாட்டு கேட்டால் வயசு குறையுமா? குறையாது. அதுதான் அவர்கள் சொல்ல வந்ததே. ஒரு வரிகூடப் பொய் எழுதாமல், கணக்குப் போடும் விதத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்று காட்டினார்கள்.

இது எப்படி சாத்தியம்?

நாணயத்தைச் சுண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 5 முறை தொடர்ந்து பூ விழுந்தால் ஆச்சரியம்தான். ஆனால் 100 தடவை முயன்று, அதில் 5 பூ சேர்ந்து விழுந்த இடத்தை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டால்? பார்ப்பவருக்கு அது அதிசயம். செய்தவருக்குத் தெரியும், அது வெறும் தேர்வு.

ஆய்விலும் இப்படித்தான். பத்து விஷயங்களை அளந்து, சாதகமாக வந்த ஒன்றை மட்டும் எழுதுவது. முடிவு வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்ப்பது. சிலரது பதில்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுவது. பொதுவாகத் தற்செயலான தவறான முடிவுக்கு 5% வாய்ப்பைத்தான் அறிவியல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகைகளை ஒன்றாகச் சேர்த்தால் அந்த வாய்ப்பு சுமார் 61% வரை போகும் என்று அந்த மூவரும் கணக்கிட்டார்கள்.

இதைச் செய்த பெரும்பாலானவர்கள் ஏமாற்றும் எண்ணத்தில் செய்யவில்லை. 'எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க' என்பதே அன்றைய நிலை.

100 ஆய்வுகளை மறுபடி செய்தபோது...

அடுத்து வந்தது பெரிய சோதனை. பிரையன் நோசெக் ஒருங்கிணைப்பில் சுமார் 270 ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். சைக்கலாஜிகல் சயின்ஸ் உட்பட மூன்று இதழ்களில் 2008-ல் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். 2015-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

முதலில் நடந்த ஆய்வுகளில் 97% 'ஆமாம், விளைவு இருக்கிறது' என்று சொல்லியிருந்தன. மறுபடி செய்தபோது அப்படிச் சொன்னவை 36% மட்டுமே. விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகச் சுருங்கியது. நினைவாற்றல், கவனம் போன்ற துறைகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. சமூக உளவியல்தான் அதிகம் அடிவாங்கியது.

இந்தக் கணக்குக்கும் எதிர்ப்பு இருந்தது. மறுசோதனைகள் மூல ஆய்வுகளை அப்படியே பின்பற்றவில்லை என்று ஹார்வர்டின் டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2016-ல் வாதிட்டார்கள். ஒரு முறை பொய்த்தால் மூல ஆய்வு தவறு என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதும் சரிதான். ஆனால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல அதன்பிறகு பலராலும் முடியவில்லை.

எந்தெந்தப் பிரபல ஆய்வுகள் ஆட்டம் கண்டன?

பவர் போஸ்: நேர்காணலுக்கு முன் இரண்டு நிமிடம் கால்களை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்ற ஆய்வு 2010-ல் சைக்கலாஜிகல் சயின்ஸில் வந்தது. பங்கேற்றவர்கள் 42 பேர்தான். 2015-ல் அதே இதழில் 200 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தன்னம்பிக்கை கூடியது போன்ற உணர்வு மட்டும் இருந்தது. மூல ஆய்வின் முதல் ஆசிரியரான டேனா கார்னியே, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று 2016-ல் பகிரங்கமாக அறிவித்தார்.

மன உறுதி தீர்ந்துபோகும்: ஒரு ஆசையை அடக்கினால் அடுத்ததை அடக்கும் சக்தி குறைந்துவிடும் என்ற கருத்து 1990-களில் இருந்து பிரபலம. ஏ.பி.எஸ்-ன் இன்னொரு இதழ் ஏற்பாட்டில் 23 ஆய்வகங்கள், 2,000-க்கும் அதிகமானோரை வைத்து 2016-ல் சோதித்தன. குறிப்பிடும்படியான விளைவு எதுவும் கிடைக்கவில்லை.

மார்ஷ்மெல்லோ: 1990-ல் வந்த தொடர் ஆய்வு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளிக் குழந்தைகளை மட்டுமே வைத்து நடந்தது. 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் அதிகமான குழந்தைகளின் தரவுகளைப் பார்த்தார்கள். காத்திருத்தலுக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பச் சூழல், சிறு வயதிலேயே இருந்த அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது.

அப்படின்னா என்ன அர்த்தம்? குழந்தையின் 'மன உறுதி' மட்டுமே கதை இல்லை. வீட்டுச் சூழலும் சேர்ந்தே பேசுகிறது. 2013-ல் நடந்த வேறொரு சிறிய ஆய்வு இதற்கு ஒரு குறிப்பு தருகிறது. முன்பே ஒரு முறை வாக்குத் தவறிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். வாக்கைக் காப்பாற்றியவரிடம் 12 நிமிடம். சொன்னது கிடைக்குமா என்றே தெரியாத இடத்தில் கையில் இருப்பதைச் சாப்பிடுவதும் புத்திசாலித்தனம்தானே?

சங்கம் என்ன செய்தது?

சைக்கலாஜிகல் சயின்ஸின் ஆசிரியராக இருந்த எரிக் ஐக், 2014-ல் ஒரு எளிய மாற்றத்தைக் கொண்டுவந்தார். தரவுகளைப் பொதுவெளியில் வைக்கும் ஆய்வாளர்களின் கட்டுரைக்கு மேல் ஒரு சின்ன 'பேட்ஜ்'. அவ்வளவுதான். அதற்கு முன் 3%-க்கும் குறைவான கட்டுரைகளே தரவைப் பகிர்ந்தன. 2015-ன் முதல் பாதியில் அது 39% ஆனது.

அடுத்தது முன்பதிவு. எத்தனை பேரைச் சோதிப்போம், எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாளை மாற்ற முடியாது என்பது போலத்தான் இது.

2024 தொடக்கத்தில் சிமீன் வசீர் ஆசிரியரானார். ஆய்வுத் துறையின் தவறுகளைத் திருத்துவதையே தன் ஆராய்ச்சியாகக் கொண்டவர். புள்ளியியலையும் வெளிப்படைத்தன்மையையும் சரிபார்க்கத் தனிக் குழு, ஒவ்வொரு கட்டுரையிலும் வெளிப்படைத்தன்மை அறிக்கை என விதிகள் இன்னும் இறுகின.

அப்படியென்றால் உளவியலே பொய்யா?

இல்லை. 2014-ல் வெளியான ஒரு கூட்டு ஆய்வில், 36 குழுக்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 13 விளைவுகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 10 மறுபடியும் தெளிவாகத் தெரிந்தன. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் ஒரு கணம் தடுமாறுவார்கள். 1935-ல் ஸ்ட்ரூப் என்பவர் காட்டிய இந்த விளைவு இன்றும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பேசியது ஆய்வகச் சோதனைகளைப் பற்றி. மன அழுத்தத்துக்கு மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ சிகிச்சை எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது.

நமக்கு இதில் என்ன?

உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் மேற்கத்திய நாடுகளின் மக்கள். ஏ.பி.ஏ-வின் இதழ்களை ஆராய்ந்து 2008-ல் வந்த கட்டுரை, பங்கேற்றவர்களில் 96% பேர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றது. அந்த நாடுகளில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் சுமார் 12%தான். அங்கே கிடைத்த முடிவு மதுரையில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் வளரும் குழந்தைக்கும் பொருந்துமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் அடுத்த முறை 'ஆய்வில் நிரூபணம்' என்று ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்விகள் போதும்: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எந்த ஊர் மக்களிடம்? வேறு யாராவது மறுபடி செய்து பார்த்தார்களா? என்ன செய்யப் போகிறோம் என்று முன்பே பதிவு செய்தார்களா?

பதில் கிடைக்கும் வரை, முதல் நிமிடத்திலேயே மிட்டாயை எடுத்துவிட்ட குழந்தையைப் பார்த்து "இவன் தேற மாட்டான்" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.