ஊர் பேர் தெரியாத டார்கெட்: ரஸ்டும் வெப்அசெம்பிளியும்

ரஸ்ட் மொழியில் நிரல் எழுதி உலாவியில் ஓட்டணும்னா முதல்ல அடிக்கிற கட்டளையே விசித்திரமா இருக்கும்: 'ரஸ்ட்அப் டார்கெட் ஆட் வாஸ்ம்32-அன்நோன்-அன்நோன்'. தயாரிப்பாளர் யாருன்னு தெரியாது, இயங்குதளம் எதுன்னு தெரியாது. ஊர் பேர் தெரியாத மெஷினுக்கு நிரல்! இந்த ஒரு வரிக்குப் பின்னால ஒரு நீண்ட கதை இருக்கு.

சி++ வேகம் உலாவிக்குள்ளயும் வேணும்னு ரெண்டு கட்சி தனித்தனியா கிளம்பிச்சு. கூகுள் 2008-ல் நேட்டிவ் கிளையன்ட்டை அறிவித்தது. மொசில்லா 2013-ல் ஏஎஸ்எம்.ஜேஎஸ் கொண்டு வந்தது. ஜாவாஸ்க்ரிப்டின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் வச்சு வேகம் காட்டின வித்தை அது. எங்க புள்ளலூர்ல 1780 செப்டம்பர் 10 அன்னிக்கு கர்னல் பெய்லியோட கம்பெனிப் படை ஹைதர், திப்புகிட்ட தோத்ததுக்கு ஒரு காரணம், காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ படை வந்து சேராததுதான். உலாவிக்காரங்க அப்படி விடலை. 2015 ஜூனில் கூகுள், மொசில்லா, மைக்ரோசாப்ட், ஆப்பிள் பொறியாளர்கள் சேர்ந்து வெப்அசெம்பிளியை அறிவித்தார்கள். 2017 முடியறதுக்குள்ள நாலு உலாவியிலும் ஓடிச்சு. 2019 டிசம்பர் 5-ல் டபிள்யூ3சி தரமாகவும் ஆயிடுச்சு.

கிரேடன் ஹோர் 2006-ல் சொந்த முயற்சியா ஆரம்பிச்ச ரஸ்ட், மொசில்லா ஆதரவில் வளர்ந்து 2015 மே 15-ல் 1.0 ஆனது. வெப்அசெம்பிளி அறிவிப்புக்கு ஒரு மாசம் முன்னாடி! ரெண்டுக்கும் பொருத்தமும் நல்லா இருந்தது. ரஸ்டுக்கு குப்பை சேகரிப்பான் கிடையாது. அதனால நிரலோட ஒரு பெரிய ரன்டைமையும் தூக்கிட்டுப் போக வேண்டாம். முதல்ல எம்ஸ்க்ரிப்டனைச் சுத்தித்தான் போகணும். மேல சொன்ன நேர்வழி டார்கெட் 2017 நவம்பரில் வந்தது.

அடுத்த படி, 'கார்கோ.டாமல்' கோப்பில் 'கிரேட்-டைப்' என்பதை 'சிடைலிப்' என்று மாத்துறது. அதுக்கப்புறம்தான் நம்ம தமிழுக்கான சிக்கல். அன்றைய வெப்அசெம்பிளி வாசல்ல எண்களை மட்டும்தான் உள்ளே விடும். 'புள்ளலூர்'னு ஒரு சொல்லை எப்படி அனுப்புறது? நம்ம கண்ணுக்கு அது அஞ்சு எழுத்து. ஜாவாஸ்க்ரிப்டைக் கேட்டா நீளம் 9 என்கும். யுடிஎஃப்-8-ல் வைக்கிற ரஸ்ட் 27 பைட் என்கும். 2018-ல் பரவலான 'வாஸ்ம்-பைண்ட்ஜென்' இந்த மொழிபெயர்ப்பைச் செய்யுது: சொல்லை யுடிஎஃப்-8 ஆக்கி நினைவகத்தில் வச்சுட்டு, முகவரி, நீளம்னு ரெண்டு எண்ணை மட்டும் கொடுக்கும். எழுத்தை எண்ண அஞ்சுன்னு வரணும்னா அது நம்ம பொறுப்பு :-)

இந்தக் கருவிகளை வளர்த்த ரஸ்ட்-வாஸ்ம் பணிக்குழுவோட கிட்ஹப் வீட்டை 2025-ல் பூட்டிட்டாங்க. பைண்ட்ஜென் வேற வீட்டுக்குக் குடிபோயிடுச்சு. அதனால எந்த வழிகாட்டியைப் பார்த்தாலும் முதல்ல தேதியைப் பாருங்க. 2018-ல் எழுதின கட்டளைகளை அப்படியே நம்பாதீங்க. கருவிகள் வரும், போகும். எல்லாரும் உட்கார்ந்து ஒத்துக்கிட்ட தரம் நிக்கும். அந்த ஊர் பேர் தெரியாத டார்கெட் இன்னிக்கும் அதே பேரோட வேலை செய்யுது.